ஒரு டாலர் வாசல்... இன்று 224 டாலர்! - எட்டாக்கனி ஆகிறதா டிஸ்னி சுற்றுலா?

சனிக்கிழமை வந்தால் அந்த வீட்டில் அது 'அப்பா நாள்'. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் கிரிஃபித் பூங்காவுக்கு இரண்டு மகள்களையும் அழைத்துப் போவார் அப்பா. பிள்ளைகள் குடை ராட்டினத்தில் ஏறிச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். அப்பா ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலையைக் கொறித்தபடி வேடிக்கை பார்ப்பார். அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. பிள்ளைகள் விளையாட, பெற்றோர் காவல் காக்க என்று இல்லாமல், இரண்டு பேரும் சேர்ந்து சந்தோஷமாக இருக்க ஓர் இடம் வேண்டாமா?

அந்த அப்பாவின் பெயர் வால்ட் டிஸ்னி.

1955-ம் ஆண்டு ஜூலை 17-ம் தேதி, கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில், ஆரஞ்சுத் தோப்புகளாக இருந்த 160 ஏக்கரில் டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்டது. செலவு 1.7 கோடி டாலர். பணம் போதாமல், தன்னுடைய ஆயுள் காப்பீட்டின் மீதுகூடக் கடன் வாங்கியிருந்தார் வால்ட். நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 1 டாலர், குழந்தைகளுக்கு 50 சென்ட். கார் நிறுத்த 25 சென்ட்.

இன்று அதே டிஸ்னிலாண்டில், கூட்டம் அதிகம் இருக்கும் நாளில் ஒருநாள் டிக்கெட்டின் விலை 224 டாலர். ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்கு 20,000 ரூபாய்க்கு மேல். உள்ளே போவதற்கு மட்டும்!

"70 வருஷத்தில் விலைவாசி ஏறாதா?" என்று கேட்கலாம். ஏறத்தான் செய்யும். ஆனால், இங்கே ஏறியிருப்பது விலை மட்டுமல்ல. எதற்கெல்லாம் விலை என்ற பட்டியலும் நீண்டுவிட்டது.

பொருட்காட்சி கணக்கு

சென்னை தீவுத்திடல் பொருட்காட்சியை நினைத்துப் பாருங்கள். வாசலில் ஒரு சின்ன டிக்கெட். உள்ளே ராட்சத ராட்டினத்துக்குத் தனி டிக்கெட், பேய் வீட்டுக்குத் தனி டிக்கெட். ராட்டினம் ஏறப் பயப்படும் பாட்டி, வாசல் டிக்கெட் மட்டும் வாங்கிக்கொண்டு, டெல்லி அப்பளம் சாப்பிட்டு, பேரன் சுற்றுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஆரம்பத்தில் டிஸ்னிலாண்டும் இப்படித்தான் இருந்தது. 1 டாலர் வாசலுக்கு. உள்ளே ஒவ்வொரு விளையாட்டுக்கும் 10 சென்ட் முதல் 35 சென்ட் வரை. திறந்த மூன்றே மாதத்தில், நுழைவுடன் 8 விளையாட்டுகளும் சேர்ந்த டிக்கெட் புத்தகம் பெரியவர்களுக்கு 2.50 டாலருக்கு வந்தது. அமெரிக்க விலைவாசி உயர்வைச் சேர்த்துக் கணக்கிட்டால், அது இன்றைய மதிப்பில் சுமார் 30 டாலர். இன்றைக்கு டிஸ்னிலாண்டின் மிக மலிவான நாளின் டிக்கெட்டே 104 டாலர் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த டிக்கெட் புத்தகத்தில் ஏ, பி, சி என்று வகைகள் இருந்தன. 1959-ம் ஆண்டு 'இ' டிக்கெட் சேர்ந்தது. மிகப் பிரமாதமான விளையாட்டுகளுக்கு மட்டும்தான் அந்தச் சீட்டு. அமெரிக்கர்களின் பேச்சில் 'இ டிக்கெட்' என்றாலே உச்சக்கட்ட அனுபவம் என்று அர்த்தமாகிவிட்டது. 1983-ம் ஆண்டு விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைடு, தன் விண்கலப் பயணத்தை 'இ டிக்கெட்' என்றுதான் வர்ணித்தார்.

பாட்டிக்கும் முழு டிக்கெட்

1971-ம் ஆண்டு ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ அருகே, டிஸ்னிலாண்டைவிடப் பலமடங்கு பெரிய நிலப்பரப்பில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு திறக்கப்பட்டது. அங்கே முதல் பூங்காவான மேஜிக் கிங்டமுக்கு நுழைவுக் கட்டணம் 3.50 டாலர். அதைப் பார்க்க வால்ட் உயிரோடு இல்லை. 1966-ம் ஆண்டே மறைந்துவிட்டார்.

1982-ம் ஆண்டு பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. டிஸ்னிலாண்டில் டிக்கெட் புத்தகங்கள் ஒழிக்கப்பட்டன. 12 டாலருக்கு ஒரே டிக்கெட். உள்ளே எத்தனை முறை வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். சில்லறை எண்ணும் தொல்லை இல்லை. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

ஆனால், ஒரு விஷயம் அப்போது பலருக்கும் புலப்படவில்லை. வாசல் டிக்கெட்டும் விளையாட்டு டிக்கெட்டும் ஒன்றானபோது, விளையாடாதவர்களுக்கான இடம் காணாமல் போனது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நிழலில் நிற்கும் அம்மாவும், முழங்கால் வலியோடு உட்கார்ந்திருக்கும் தாத்தாவும், ரோலர் கோஸ்டரில் பத்து முறை ஏறும் கல்லூரி மாணவன் கொடுக்கும் அதே தொகையைக் கொடுக்க வேண்டும்.

மூத்த குடிமக்களுக்கு அங்கே தனி விலை கிடையாது. மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் இலவசம். 3 முதல் 9 வயது வரை குழந்தைகள் டிக்கெட். அதிலும் சில டாலர்கள்தான் குறையும். பத்தாவது பிறந்தநாள் வந்துவிட்டால் பிள்ளையும் 'பெரியவர்'தான்.

மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ அமெரிக்கா போகும் நம் ஊர்ப் பெற்றோரின் பயணத்தில் டிஸ்னிக்கு ஓர் இடம் பெரும்பாலும் இருக்கும். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், இரண்டு பேரக் குழந்தைகள் என ஆறு பேர் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மேஜிக் கிங்டம் போவதாக வைத்துக்கொள்வோம். அந்த வாரத்தின் டிக்கெட் ஒருவருக்கு 200 டாலர் அளவில் இருக்கும். ஆறு பேருக்கு வாசலிலேயே 1,200 டாலர். அதாவது ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். கார் நிறுத்தம், சாப்பாடு, தங்கும் விடுதி எல்லாம் தனி.

நாளுக்கு ஒரு விலை

1984-ம் ஆண்டு டிஸ்னியின் தலைமைக்கு மைக்கேல் ஐஸ்னர் வந்த பிறகு டிக்கெட் விலை வேகமாக ஏற ஆரம்பித்தது. விலையை ஏற்றினாலும் கூட்டம் குறையவில்லை. இந்தப் பாடத்தை நிறுவனம் மறக்கவே இல்லை. 2015-ம் ஆண்டு மேஜிக் கிங்டமின் ஒருநாள் டிக்கெட் 105 டாலரானது. முதல்முறையாக அது 100 டாலரைத் தாண்டியது அப்போதுதான்.

அடுத்த ஆண்டே விலை போடும் முறை மாறியது. கூட்டம் குறைவான நாள், சாதாரண நாள், உச்ச நாள் என்று மூன்று விலைகள். 2018-ல் டிஸ்னி வேர்ல்டில் தேதிவாரியாகவே விலை வந்துவிட்டது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஆம்னி பஸ் கட்டணம் எப்படி ஏறும் என்பது நமக்குத் தெரியும். அதே கதைதான்.

கேட்பதற்கு இது நியாயமாகத்தான் இருக்கிறது. கூட்டம் இல்லாத நாளில் வந்தால் பணம் மிச்சம். அந்த 104 டாலர் டிக்கெட் விலையை 2019 முதல் ஏற்றவே இல்லை என்று டிஸ்னிலாண்டு சொல்வதும் உண்மைதான்.

ஆனால், அந்த மலிவான நாள்கள் எப்போது வருகின்றன? பெரும்பாலும் பள்ளிக்கூடம் நடக்கும் வார நாள்களில். விலை உச்சத்தில் இருப்பது எப்போது? பள்ளி விடுமுறையில். பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பம் எந்த நாளில் வர முடியுமோ, சரியாக அந்த நாளில்தான் விலை உச்சத்துக்குப் போகிறது. குடும்பங்களுக்காகவே கட்டப்பட்ட இடத்தில், அதிக விலை கொடுப்பதும் அந்தக் குடும்பங்கள்தான்.

தர்ம தரிசனமும் சிறப்பு தரிசனமும்

தீம் பார்க்கில் யாரும் தப்பிக்க முடியாத ஒன்று வரிசை. பிரபலமான விளையாட்டு என்றால் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்கூட வெயிலில் நிற்க வேண்டும். ஆனால் அந்த வரிசையில் ஒரு சமத்துவம் இருந்தது. கோடீஸ்வரரின் மகனும் நிற்க வேண்டும், கூலித் தொழிலாளியின் மகளும் நிற்க வேண்டும்.

1999-ம் ஆண்டு 'ஃபாஸ்ட்பாஸ்' என்ற வசதியை டிஸ்னி கொண்டுவந்தது. இயந்திரத்தில் டிக்கெட்டைச் செருகினால், திரும்பி வரவேண்டிய நேரம் அச்சிட்ட சீட்டு கிடைக்கும். அந்த நேரத்துக்கு வந்தால் தனி வரிசையில் சீக்கிரம் உள்ளே போகலாம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இலவசம்!

கொரோனா காலத்தில் பூங்காக்கள் மூடப்பட்டன. கலிஃபோர்னியாவில் ஓராண்டுக்கு மேல் கதவு திறக்கவில்லை. மீண்டும் திறந்த பிறகு, 2021-ல், இலவச ஃபாஸ்ட்பாஸ் போய் 'ஜீனி பிளஸ்' வந்தது. ஃப்ளோரிடாவில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 டாலர், கலிஃபோர்னியாவில் 20 டாலர். மிகப் பிரபலமான விளையாட்டுகளுக்குத் தனியாக இன்னொரு கட்டணம். 2024-ல் 'லைட்னிங் லேன்' என்று பெயர் மாறியது. அதே ஆண்டு இறுதியில் 'பிரீமியர் பாஸ்' என்ற உயர்வகைச் சீட்டும் வந்தது. நேரம்கூடக் குறிக்க வேண்டாம்; நினைத்தபோது போய் ஏறலாம். அறிமுகமானபோது, பூங்காவையும் தேதியையும் பொறுத்து ஒருவருக்கு 129 டாலர் முதல் 449 டாலர் வரை. நுழைவு டிக்கெட் இதில் சேராது!

திருப்பதிக்குப் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தர்ம தரிசனம் ஒரு வரிசை, 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனம் இன்னொரு வரிசை. பணம் கட்டியவர் முன்னால் நகர நகர, கட்டாதவரின் காத்திருப்பு நீளும். பெரியவர்கள் அதைப் பொறுத்துக்கொள்வார்கள். "அவங்க மட்டும் ஏம்ப்பா முன்னாடி போறாங்க?" என்று ஏழு வயதுப் பிள்ளை கேட்டால், அப்பாவால் என்ன பதில் சொல்ல முடியும்? பல குடும்பங்கள் கடைசி நேரத்தில் செல்போனில் அந்தச் சீட்டை வாங்கிவிடுவது அதனால்தான்.

இலவசங்கள் போன வழி

விமான நிலையத்திலிருந்து டிஸ்னி வேர்ல்டு விடுதிகளுக்கு 2005 முதல் ஓடிக்கொண்டிருந்த இலவசப் பேருந்து, 2022 தொடக்கத்தோடு நின்றுபோனது. இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தால் சிறிய தொகைகள்தான். சேர்த்துப் பார்த்தால்தான் கனம் தெரிகிறது.

2025 பிப்ரவரியில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழ் ஒரு கணக்கை வெளியிட்டது. நான்கு பேர் கொண்ட குடும்பம், டிஸ்னி வேர்ல்டின் குறைந்த விலை விடுதியில் தங்கி நான்கு நாள் பூங்காக்களைச் சுற்றிப் பார்க்க, 2024-ல் ஆன செலவு 4,266 டாலர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதே பயணத்துக்கு 3,230 டாலர். ஊரிலிருந்து போய்வரும் செலவு இதில் இல்லை. கூடுதலான ஆயிரம் டாலரில் பெரும்பகுதி எதனால் வந்தது தெரியுமா? முன்பு இலவசமாகக் கிடைத்து, இப்போது காசு கேட்கும் வசதிகளால். விலை இப்படி ஏறிக்கொண்டே போவதைப் பற்றி நிறுவனத்துக்குள்ளேயே சிலருக்குக் கவலை இருப்பதாகவும் அந்தச் செய்தி சொன்னது.

அந்தக் கவலைக்குக் காரணம் இருக்கிறது. 'லெண்டிங்ட்ரீ' என்ற அமெரிக்க நிதிச் சேவை நிறுவனம் 2024-ல் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. டிஸ்னி சென்றவர்களில் 24 சதவிகிதம் பேர் அந்தப் பயணத்துக்காகக் கடன்பட்டதாகச் சொன்னார்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள பெற்றோரிடம் அது 45 சதவிகிதம். கிட்டத்தட்ட இரண்டில் ஒருவர்!

கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கடன் வாங்குவது நமக்குப் புதிதல்ல. அமெரிக்கப் பெற்றோருக்கு டிஸ்னி பயணம் கிட்டத்தட்ட அப்படியொரு சடங்காகிவிட்டது. பிள்ளை சின்னதாக இருக்கும்போதே போக வேண்டும். விட்டால் அந்த வயது திரும்ப வராது. இந்தத் தவிப்புதான் பூங்காவின் உண்மையான முதலீடு.

ஏன் ஏறுகிறது?

நிறுவனத்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு புதிய பூங்கா கட்டுவது லேசுப்பட்ட காரியமல்ல. 2025 மே மாதம் ஆர்லாண்டோவில் போட்டி நிறுவனமான யுனிவர்சல் திறந்த 'எபிக் யுனிவர்ஸ்' பூங்காவுக்குப் பல நூறு கோடி டாலர் செலவானது. அதற்கும் ஒருநாள் டிக்கெட் 139 முதல் 199 டாலர் வரை. டிஸ்னியும் பத்து ஆண்டுகளில் 6,000 கோடி டாலரைப் பூங்காக்களிலும் கப்பல்களிலும் போடப்போவதாக 2023-ல் அறிவித்தது. ஊழியர் சம்பளம் ஏறியிருக்கிறது. இடமோ குறைவு, வர விரும்புபவர்களோ ஏராளம். விலையை ஏற்றாவிட்டால் நெரிசலில் யாருக்கும் சந்தோஷம் இருக்காது என்பது நிறுவனங்களின் வாதம்.

இன்னொரு பக்கமும் உண்டு. பூங்காக்கள், கப்பல்கள், பொம்மை விற்பனை எல்லாம் அடங்கிய டிஸ்னியின் பிரிவு, 2024 நிதியாண்டில் ஈட்டிய செயல்பாட்டு லாபம் 900 கோடி டாலருக்கு மேல். மொத்த நிறுவனத்தின் லாபத்தில் பாதிக்கும் அதிகம். சினிமாவும் தொலைக்காட்சியும் தள்ளாடிய ஆண்டுகளில் நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்தது பூங்காக்கள்தான். அதாவது, சக்கர வண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகும் குடும்பங்கள்.

வேறு மாதிரியும் நடத்தலாம் என்பதற்கு டோக்கியோ ஓர் உதாரணம். 1983-ல் திறக்கப்பட்ட டோக்கியோ டிஸ்னிலாண்டு, 'ஓரியண்டல் லேண்ட்' என்ற ஜப்பானிய நிறுவனத்துக்குச் சொந்தம். டிஸ்னிக்கு உரிமத் தொகை மட்டும் போகும். அங்கே 2023 அக்டோபரில் விலை ஏற்றிய பிறகும் பெரியவர்களுக்கு 7,900 முதல் 10,900 யென் வரைதான். டாலரில் பார்த்தால் கலிஃபோர்னிய உச்ச விலையில் பாதிக்கும் குறைவு. 4 முதல் 11 வயது வரை உள்ள குழந்தைகளுக்குக் கிட்டத்தட்ட பாதி விலை. யென்னின் மதிப்பு சரிந்திருப்பதும் இதற்குக் காரணம். என்றாலும், அங்கேயும் தேதிவாரி விலையும் காசு கொடுத்து முந்தும் வரிசையும் வந்துவிட்டன.

நம் ஊரில் என்ன நிலவரம்?

கிஷ்கிந்தாவும் வி.ஜி.பி-யும் பள்ளிச் சுற்றுலாவின் மறுபெயராக இருந்த காலம் பலருக்கும் நினைவிருக்கும். இப்போது சென்னை அருகே, திருப்போரூரை அடுத்த இள்ளலூரில், 2025 டிசம்பரில் 'வொண்டர்லா' வந்திருக்கிறது. 64 ஏக்கர், 611 கோடி ரூபாய் முதலீடு. டிக்கெட் சுமார் 1,500 ரூபாயில் தொடங்குகிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு வாசலில் 6,000 ரூபாய். காரில் போய், உள்ளே சாப்பிட்டுத் திரும்பினால் 8,000 முதல் 10,000 ரூபாய் வரை ஆகிவிடும்.

இந்த விலையில் வரிக்கும் பங்கு உண்டு. 2017-ல் ஜி.எஸ்.டி வந்தபோது கேளிக்கைப் பூங்காக்களுக்கு 28 சதவிகித வரி விதிக்கப்பட்டது. 2018 ஜனவரியில் அது 18 சதவிகிதமாகக் குறைந்தது. தமிழகத்தில் உள்ளாட்சிக் கேளிக்கை வரி வேறு 10 சதவிகிதம் இருந்தது. வொண்டர்லாவின் சென்னைத் திட்டம் பல ஆண்டுகள் தள்ளிப்போனதற்கு அந்த வரியும் ஒரு காரணம். பத்து ஆண்டுகளுக்கு விலக்கு கிடைத்த பிறகுதான் வேலை தொடங்கியது.

வார நாளுக்கு ஒரு விலை, வார இறுதிக்கு ஒரு விலை, காத்திருக்காமல் ஏற 'ஃபாஸ்ட்டிராக்' டிக்கெட் என டிஸ்னியின் பாணி இங்கேயும் வந்துவிட்டது. ஆனால் இங்கே குழந்தைகளின் டிக்கெட்டை வயதை வைத்து அல்ல, உயரத்தை வைத்து முடிவு செய்கிறார்கள்.

கிளம்பும் முன்...

அமெரிக்காவோ, உள்ளூரோ, சில விஷயங்களைக் கவனித்தால் செலவு கொஞ்சம் கைக்குள் நிற்கும்.

* தேதி முதலில், டிக்கெட் பிறகு: விலை நாட்காட்டியைப் பார்த்து நாளை முடிவு செய்யுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு நாள் தள்ளினாலே வித்தியாசம் தெரியும்.

* பிறந்தநாளைக் கவனியுங்கள்: டிஸ்னியின் அமெரிக்கப் பூங்காக்களில் 3 வயதும் 10 வயதும் எல்லைக்கோடுகள். அதற்கு முன்பே போனால் மிச்சம்.

* சாப்பாட்டை எடுத்துச் செல்லுங்கள்: அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் வெளி உணவுக்கு அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரம் கூடாது. துரித உணவுக் கவுன்டர்களில் குடிநீர் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். நம் ஊர்ப் பூங்காக்கள் பலவற்றில் வெளி உணவுக்கு அனுமதி இல்லை; விதியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

* மாறி மாறி ஏறலாம்: கைக்குழந்தை இருந்தால், டிஸ்னியில் 'ரைடர் ஸ்விட்ச்' வசதியைக் கேளுங்கள். ஒருவர் ஏறிவிட்டு வந்ததும், மற்றவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். இதற்குக் காசில்லை.

* கதவு திறக்கும் முன் போங்கள்: முதல் இரண்டு மணி நேரத்தில் வரிசை குறைவு. விலை கொடுத்து வாங்கும் நேரத்தைச் சீக்கிரம் எழுந்தே சம்பாதித்துவிடலாம்.

* தொகையை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்: பொம்மைக்கு இவ்வளவு, தின்பண்டத்துக்கு இவ்வளவு என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வாசல் தாண்டிய பிறகு 'வேண்டாம்' என்று சொல்வது எந்தப் பெற்றோருக்கும் கடினம்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, தாத்தா பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "நான் வீட்டிலேயே இருக்கேன்பா, நீங்க போயிட்டு வாங்க" என்று அவர்கள் சொன்னால், அது செலவை நினைத்துச் சொல்வதா, உண்மையிலேயே முடியாமல் சொல்வதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கிரிஃபித் பூங்காவில் அந்தக் குடை ராட்டினத்தின் அருகே பெஞ்சில் உட்கார வால்ட் டிஸ்னி காசு எதுவும் கொடுக்கவில்லை. பெற்றோர் அப்படி ஓரமாக உட்காரக் கூடாது என்பதற்காகத்தான் டிஸ்னிலாண்டையே கட்டினார். இன்றும் அந்தப் பூங்காக்களில் பெஞ்சுகள் இருக்கின்றன. பைகளையும் பேரப்பிள்ளைகளின் செருப்புகளையும் பார்த்துக்கொண்டு பெரியவர்கள் அவற்றில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே ஒரு வித்தியாசம்... அந்த பெஞ்சில் உட்கார இப்போது ஆளுக்கு 200 டாலர்!